உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்த அறை

எங்கள் கல்யாணத்துக்குப் பித்தளைக் குடம் வந்தது, பாய் வந்தது, லாம்பு வந்தது, கண்ணாடிச் சட்டம் போட்ட முருகன் படம் வந்தது. தாழ்ப்பாள் மட்டும் யாரும் கொண்டுவரவில்லை. கொண்டுவந்திருந்தாலும் மாட்டுவதற்கு இடம் இருக்கவில்லை.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. அட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய கூலிக்காரர் வீடுகளில், என் கணவர் வீட்டாருக்கு ஒரு காம்பரா இருந்தது. காம்பரா என்றால் ஒரே ஓர் அறை, முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு சின்ன ஒட்டு. அதற்குள் மாமனார், மாமியார், கணவரின் இரண்டு தம்பிகள், ஒரு தங்கை, அடுப்பு, விறகு, எல்லாவற்றுக்கும் மேல் புதுப்பெண்ணாக நான். புதுசுகளுக்கு மரியாதையாக ஒரு மூலையில் கயிறு கட்டி, மாமியாரின் பழைய சேலை ஒன்றைத் தொங்கவிட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சேலை பதினைந்து வருஷம் கொழுந்துமலையில் உழைத்த சேலை. மறைத்ததை விடக் காட்டியதே அதிகம்.

மாமனாருக்கு இருமல். சேலைக்கு இந்தப் பக்கம் பாய் கொஞ்சம் அசைந்தால் போதும், அந்தப் பக்கம் இருமல் வரும். மனிதர் பனிக்கு இருமுகிறாரா, எங்களுக்கு இருமுகிறாரா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. போதாததற்கு லயத்துச் சுவர் கூரைவரை போகாது. வெள்ளைக்காரன் அங்கேயும் கல்லை மிச்சம் பிடித்திருந்தான். பக்கத்துக் காம்பராவில் ஒருவர் தும்மினால் இங்கே இருந்து "நூறு வயசு" சொல்வோம். இந்த லட்சணத்தில் "இன்னும் விசேஷம் ஒன்னும் இல்லையா?" என்று ஊரெல்லாம் என் வயிற்றைப் பார்த்து விசாரித்தது.

எனக்கும் மாமியாருக்கும் ஆகாது. பெரிய காரணம் எதுவும் இல்லை. ஒரே அடுப்பு, அது போதாதா? நான் போடும் உப்பு அவருக்குக் கூட, அவர் போடும் உப்பு எனக்குக் குறைவு. மாமியார், விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குக் கொம்பு ஊதும் முன்பே எழுந்து, ரொட்டி தட்டி, எல்லாருக்கும் கட்டிக் கொடுத்து, தான் கடைசியாக ஓடுவார். ஓடும்போதும் என்னைப் பார்த்து ஏதாவது முணுமுணுத்துவிட்டுத்தான் ஓடுவார்.

என் கணவர் அட்டன் கடைத்தெருவில் ஒரு துணிக்கடை வாசலில் தையல் மெசின் போட்டிருந்தார். தினமும் இறங்கிப் போய் ஏறி வருவார். நான் ஒரு நாள் தேயிலைக்குள் நின்று, அங்கேதான் கொஞ்சம் தனிமை கிடைக்கும், அவரிடம் சொன்னேன்.

"உள்ள தாழ்ப்பாள் போடுற மாதிரி ஒரு கதவு வேணும். அதுக்குப் பின்னால வீடு இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி."

மனிதர் யோசித்தார். தோட்டத்தில் பேர் இருக்கும்வரைதான் காம்பரா. பேரை வெட்டிக்கொண்டு போனால் திரும்பி வந்து ஒட்ட முடியாது. மாமனார் இருமலை நிறுத்திவிட்டு, "டவுனுக்குப் போயி என்னத்த திங்கப் போறீங்க?" என்று கேட்டார். மாமியார் எழுந்தார். மூலையில் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து, மடித்து, தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

எங்களுக்கு அட்டன்தான் பட்டணம். கொழும்பு என்பது ரயிலின் மறுமுனை, அவ்வளவுதான் தெரியும். பட்டணத்தில் வாடகைக்கு வீடு பார்ப்பது எப்படி என்று எங்கள் இரண்டு பரம்பரையிலும் யாருக்கும் தெரியாது. தோட்டத்தில் காம்பராவைக் கேட்பது கிடையாது, கொடுப்பார்கள். கொடுத்ததில் இருக்க வேண்டும். ஆகவே ரயில் நிலையத்துக்கு மேலே ஒரு யாழ்ப்பாணத்துப் பென்சன்காரர் வீட்டுப் பின்புறம் வரிசையாக அறை கட்டி வாடகைக்கு விடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனபோது, என் கணவர் துரையைப் பார்க்கப் போனவர் மாதிரித் தோளில் கிடந்த துண்டை இடுப்புக்கு இறக்கி, வாசல் சாக்கடைக் கானுக்கு அந்தப் பக்கமே நின்று "சலாமுங்க" என்றார்.

பென்சன்காரர் பத்திரிகைக்கு மேலால் பார்த்தார். "உள்ளுக்கு வாருமன்."

"இருக்கட்டுங்க."

"அறை பாக்க வந்தனீரோ, இல்லாட்டிப் பிச்சைக்கு வந்தனீரோ?"

எனக்குச் சுருக்கென்றது. நான் கானைத் தாண்டி, விறாந்தையில் ஏறி, அங்கே கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து, "அறை பார்க்கத்தாங்க வந்தோம். கதவுக்கு உள்ள தாழ்ப்பாள் இருக்கா?" என்றேன். அவர் வீடு கட்டிய காலத்தில் இருந்து யாரும் இப்படி ஒரு முதல் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருக்குப் பிள்ளை. இரும்பிலை இருக்கு."

அவருடைய மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, எந்த இடம் என்று கேட்டார். தோட்டத்துப் பேரைச் சொன்னேன்.

"அது சரி. அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி கீழ் டிவிசனுங்க."

"இல்லைப் பிள்ளை, அதுக்கும் முந்தி. உங்கடை ஆக்கள் எந்த ஆக்கள்?"

அவருக்கு வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். சொல்லவும் தெரியும். சொல்லத்தான் மனம் வரவில்லை. "எல்லாரும் கொழுந்து எடுக்கிற ஆளுங்கதாங்க" என்றேன். அந்த அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போனார். அதன் பிறகு நாங்கள் இருந்த காலம் முழுவதும் எனக்குத் தேத்தண்ணீர் வந்தால் வெளியே தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த ஒரு கோப்பையில்தான் வந்தது. நான் சளைக்கவில்லை. எத்தனை தடவை கேட்டாலும் கீழ் டிவிசனோடு நிறுத்திக்கொண்டேன்.

சட்டங்கள் பல இருந்தன. கோழி கூடாது, ஆடு கூடாது, இருட்டிய பிறகு உரல் இடிக்கக் கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. இரண்டு பேருக்குத்தான் அறை, விருந்தாளிகள் தங்கக் கூடாது. என் கணவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன், எடுத்துப் பார்த்தேன். நன்றாக எண்ணெய் போட்ட தாழ்ப்பாள். சத்தமே இல்லாமல் போய் விழுந்தது.

முதல் நாள் விடிவதற்கு முன் இரண்டு பேரும் அரக்கப்பரக்க எழுந்து உட்கார்ந்தோம். பெரட்டு இல்லை, கொம்பு இல்லை, பேர் கூப்பிடக் கங்காணி இல்லை. கீழே ரயில்காரன் மட்டும் தன் பாட்டில் கத்திக்கொண்டிருந்தான். "இப்ப என்ன செய்யிறது?" என்று கணவர் கேட்டார். நான் முருகன் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். ஆணி அடிக்க முடியாததால் சாமி எங்கள் பாய்க்கு நேரே தரையில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பெண்டாட்டிக்காரர், ஒன்றும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்.

அந்த முதல் இரண்டு வாரம்தான் நாங்கள் புருஷன் பெண்டாட்டியாக இருந்தோம். வாய்விட்டுச் சிரித்தோம். சண்டை போட்டோம், அதுவும் சத்தமாக. என் கணவருக்குப் பாட வரும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வராது என்பதும் சீக்கிரமே தெரிந்தது. நான் அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் இருந்ததில்லை.

கெடுத்தது அவர் வாய்தான். ஒரு நாள் சாயங்காலம் அம்மாவைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனவர், போன இடத்தில் சும்மா இருக்காமல், "நமக்கு டவுன்ல வீடு இருக்கு, வந்தா வந்துட்டுப் போங்க" என்று லயத்துக்கு லயம் சொல்லிவிட்டு வந்தார். தோட்டத்தில் அதை உபசாரம் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வாங்க என்றால் வருவார்கள்.

வந்தார்கள். சாமான் வாங்க வந்தவர்கள் மூட்டையை வைத்துவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் மருந்துப் போத்தலோடு வந்து படுத்தார்கள். கோர்ட்டுக்கு வந்தவர்களில் வாதியும் பிரதிவாதியும் எங்கள் அறையிலேயே சோறு தின்றுவிட்டு ஒன்றாகப் போனார்கள். படம் பார்க்க வந்த இளந்தாரிகள் கடைசி பஸ்ஸை வேண்டுமென்றே விட்டார்கள். நோட்டன் பிரிட்ஜ் பக்கமிருந்து யாரோ ஒருவர் இரண்டு நாள் தங்கினார். கணவருக்குச் சொந்தம் என்று நானும், எனக்குச் சொந்தம் என்று அவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் போன பிறகுதான் கேட்டுக்கொண்டோம். தாழ்ப்பாள் என்று ஒன்று கதவில் இருந்தது, அவ்வளவுதான். ராத்திரி அதைப் போட்டால் உள்ளே ஏழு பேர் இருந்தார்கள்.

கணவருடைய கடைக்கு வாரத்தில் ஒரு நாள் மத்தியானத்தோடு பூட்டு. அப்படி ஒரு மத்தியானம், அதிசயமாக, யாரும் வரவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டோம்.

லயத்தில் பகலில் கதவு சாத்துகிற வழக்கம் கிடையாது. காற்றுக்கு அடித்துக்கொண்டால் ஒரு கல்லை முட்டுக் கொடுத்துத் திறந்தே வைப்பார்கள். பட்டப்பகலில் ஒரு காம்பராக் கதவு உள்ளே அடைத்திருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், உள்ளே யாரோ கயிற்றில் தொங்குகிறார்கள். என் மாமியாரின் தங்கை, சின்னம்மா என்று கூப்பிடுவோம், பல் பிடுங்க ஆஸ்பத்திரிக்கு வந்தவர், வீங்கிய கன்னத்தோடு எங்கள் வாசலுக்கு வந்து கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. தட்டினார். நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தோம், போய்விடுவார் என்று.

அவர் போகவில்லை. படியில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்தார். "தையக்கார மகனே, ஒன்ன இந்தக் கோலத்துல பாக்கவா வந்தேன்" என்று முதல் அடி. இரண்டாவது அடியில் நான் வந்தேன், புருஷனைக் கொன்றவளாக. நாங்கள் இரண்டு பேரும் உள்ளே உயிரோடு உட்கார்ந்து எங்கள் சாவுப்பாட்டைக் கேட்டோம். பல் பிடுங்கிய வாயிலும் நன்றாகத்தான் பாடினார்.

அடுத்த அறையில் இருந்த சிங்களவர் பேக்கரியில் வேலை. ராத்திரி முழுக்கப் போரணை அடுப்பு முன் நின்றுவிட்டுப் பகலில் தூங்குகிறவர். அவர் எழுந்து வந்து, "மொகத உனே நங்கி?", அதாவது என்ன ஆச்சு தங்கச்சி, என்று சின்னம்மாவைக் கேட்க, சின்னம்மா கழுத்தை நெரித்து நாக்கைத் தள்ளிக் காட்டியிருக்கிறார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. மனிதர் ஓடிப்போய், பாண் எடுக்கும் நீளமான மரத்துடுப்பைக் கொண்டுவந்து, உயரத்தில் இருந்த சின்ன ஜன்னல் வழியாக விட்டுத் தாழ்ப்பாளை நெம்ப ஆரம்பித்தார். மாவு ஒட்டிய துடுப்பு எங்கள் தலைக்கு மேல் ஆடிக்கொண்டு வந்தது. என் கணவர் இடுப்புச் சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் துடுப்பைப் பிடித்து, "எப்பா எப்பா, ஹொந்தாய்" என்று கத்தினார். வேண்டாம், நாங்கள் நலம் என்று அதற்கு அர்த்தம்.

கதவைத் திறந்தபோது வாசலில் வரிசை அறைகளின் சனம் அத்தனையும் நின்றது. பேக்கரிக்காரர் எங்களை ஒரு பார்வை பார்த்தார், துடுப்பைத் தோளில் வைத்தார், சிரித்துக்கொண்டே தூங்கப் போனார். சின்னம்மா மட்டும் ஏமாந்த முகத்தோடு, "பகல்ல என்னடா கதவச் சாத்திக்கிட்டு?" என்று திட்டினார். பென்சன்காரர் குடையோடு நின்றார்.

"இது குடும்பம் இருக்கிற வளவு" என்றார். "இனி உந்த அறையிலை உங்கள் ரெண்டு பேரைத் தவிர மூண்டாவது ஆளைக் கண்டனெண்டால், மாச முடிவிலை வெளிக்கிட வேணும். சொல்லிப்போட்டன்."

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. அறை போனால் எங்கே போவது? தோட்டத்தில் பேரை வெட்டியாகிவிட்டது. அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டாலும் எனக்காக ஒரு பழைய சேலை காத்துக்கொண்டிருந்தது. கணவரிடம், "வர வேணாம்னு சொல்லுங்க" என்றேன். "நான் எப்புடிச் சொல்றது?" என்றார். வாங்க என்று சொன்ன வாயால் வராதே என்று சொல்ல அவரால் முடியாதாம். நல்ல வாய்.

சொல்ல வேண்டிய ஆள் மாமியார் என்று எனக்குத் தெரியும். தோட்டத்திலிருந்து யார் இறங்கினாலும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் யாரும் வர மாட்டார்கள். அவர் மட்டும் அதுவரை ஒரு தடவைகூட எங்கள் அறைக்கு வந்ததில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரப்போவதாக யாரோ வந்து சொன்னார்கள். நல்லதாகப் போயிற்று, முகத்துக்கு முகம் சொல்லிவிடலாம் என்று நான் வாரம் முழுவதும் வார்த்தைகளைத் தயார் பண்ணினேன். மரியாதை குறையாமல் ஒரு தடவை, குறைத்து ஒரு தடவை.

ஞாயிறு காலை வந்தார். தலையில் விறகுக்கட்டு, இடுப்பில் ஒரு கூடை மரவள்ளிக் கிழங்கு. கணவர் கடையில் இருந்தார், ஞாயிற்றுக்கிழமைதான் தோட்டத்துச் சனம் துணி எடுக்கும் நாள். மாமியார் விறகை இறக்கிவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். கூரைவரை போகும் சுவரை அண்ணாந்து பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார்.

"இதுதானா?" என்றார்.

"ஆமாங்க அத்தை. இதுதான் தாழ்ப்பாளு."

"உக்காருங்க, தண்ணி எடுத்துக்கிட்டு வாறேன்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனேன். தண்ணீருக்காக மட்டும் போகவில்லை, தயார் பண்ணியதைக் கடைசியாக ஒரு தடவை சொல்லிப் பார்க்கவும்தான். அத்தை, கோவிச்சுக்காதீங்க, இந்த அறைக்கு இனிமே யாரும் வரக் கூடாது, நீங்களுந்தான். வாளி நிறைந்து வழிந்தது.

திரும்பி வந்தேன். கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன், திறக்கவில்லை.

பட்டணத்துக்கு வந்து இத்தனை நாளாகியும் எனக்குள் இருந்த லயம் போகவில்லை. பட்டப்பகல், அடைத்த கதவு. "அத்தை" என்றேன். "அத்தை, என்னங்க ஆச்சு?" என்று கதவைத் தட்டினேன்.

உள்ளேயிருந்து மெதுவாகக் குரல் வந்தது. "ஒன்னும் ஆவல புள்ள. சும்மா இருக்கேன். கொஞ்ச நேரம்."

நான் வாளியை இறக்கி வைத்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பன்னிரண்டு வயதில் அந்தக் காம்பராவுக்கு மருமகளாக வந்தவர். பிள்ளை பெற்றதும் அங்கேதான், சேலைக்குப் பின்னால், எல்லாருக்கும் கேட்க. பிள்ளைகளில் இரண்டு செத்ததும் அங்கேதான். பெரட்டில் கூட்டம், மலையில் கொழுந்தெடுக்கும் நிரை, தண்ணீர்ப் பீலிக்கரையில் கூட்டம், வீட்டில் அடுப்பு. அந்த மனுஷி ஒரு கதவைச் சாத்திக்கொண்டு தன்னந்தனியாக ஒரு அறையில் இருந்ததே இல்லை. எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, அது யார் மேல் என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. மாமியார் மேல் இல்லை.

குடை இல்லாமல் பென்சன்காரர் வந்தார். அவருக்கு எங்கள் பக்கம் ஆள் வந்தால் மூக்கில் வியர்த்துவிடும்.

"ஆர் பிள்ளை உள்ளுக்கு?"

"என் மாமியாருங்க."

"கதவைப் பூட்டிக்கொண்டு என்ன செய்யிறா? வருத்தமோ, சுகமில்லையோ?"

"இல்லைங்க. சும்மா இருக்காங்க."

"சும்மா இருக்கிறதெண்டால்?"

அவர் என்னைத் தாண்டிப் போய்க் கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து மாமியார், லயத்துப் பொதுக் கக்கூசில் இருந்து சொல்வதைப் போலவே, "ஆளு இருக்கு" என்றார்.

பென்சன்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் சொன்னது சொன்னதுதான். மூண்டாவது ஆள். மாச முடிவிலை அறையை விடுங்கோ. இப்ப திறக்கச் சொல்லும்" என்று மறுபடி கையை ஓங்கினார்.

நான் கதவுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன். "விட்டுடுறோமுங்க ஐயா. மாச முடிவுல விட்டுடுறோம். இப்ப கதவத் தட்டாதீங்க."

வாரம் முழுவதும் தயார் பண்ணியதில் இந்த வாக்கியம் இருக்கவில்லை. அவர் கையைக் கீழே போட்டார். பைத்தியங்கள் என்றோ என்னவோ சொல்லிக்கொண்டு போனார். நான் தண்ணீரைக் கானில் ஊற்றிவிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். சோறு வைக்கவில்லை. பேக்கரிக்காரர் முகம் கழுவ வந்து, மூடிய கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் குழாயை மெதுவாகத் திறந்தார்.

வெயில் சாய்ந்த பிறகு தாழ்ப்பாள் சத்தமில்லாமல் நகர்ந்தது. மாமியார் வெளியே வந்தார். தலைமுடி கலைந்திருந்தது, கன்னத்தில் பாயின் கோடு.

"தூங்கினீங்களா அத்தை?"

"இல்ல. கைய கால நீட்டிப் படுத்துக் கெடந்தேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்கயும் இடிக்கல" என்றார்.

பஸ் நிலையம் வரை கூடப் போனேன். பஸ்ஸில் ஒரு காலை வைத்த பிறகு திரும்பினார். எனக்குத் தெரிந்து அவர் என்னிடம் எதற்கும் அனுமதி கேட்டது கிடையாது.

"வாற ஞாயித்துக்கிழமையும் வரட்டுமா?" என்றார்.

"வாங்க அத்தை" என்றேன். மாதம் முடிய இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன.